அலமாரியில் நிற்கிற பிக்கப் வண்டிகள்

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் முடிய வேண்டிய சமாச்சாரம். அந்த ஒரு வரி வருவதற்குள் பலமுறை எழுந்துவிட்டேன். பேனாவுக்கு மை போட்டேன், ஜன்னலைத் திறந்தேன், வெயில் முகத்தில் அடிக்கிறது என்று சாத்தினேன், புழுங்குகிறது என்று மறுபடி திறந்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உன் ஆத்தா, "என்னங்க, குட்டி போட்ட பூனையாட்டம் இங்கிட்டும் அங்கிட்டும் அலையிறீங்க? லீவு போட்டது இதுக்குத்தானா?" என்றாள். மறுபடி வந்து உட்கார்ந்தேன். நாலு மணிக்குத் தஞ்சாவூர் பஸ் புறப்படும். அதற்குள் இதை முடித்துக் கண்டக்டர் கையில் கொடுத்தால், சாயங்காலமே நீ வேலை பார்க்கிற ஒர்க்ஷாப்பில் உன் கைக்கு வந்துவிடும். தபாலில் போட்டால் நாளை மறுநாள்தான் கிடைக்கும். நாளை காலையிலோ நாம் எல்லாரும் ரிஜிஸ்தர் ஆபீசில் நிற்க வேண்டும்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கே ஒழுங்காக விளங்கும். நம் முந்திரித் தோப்பின் கிழக்குப் பாதியை விற்று, உன் ஒர்க்ஷாப் மேஸ்திரியிடம் நிற்கிற அந்தப் பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டியை வாங்க வேண்டும் என்கிறாய். கந்தர்வக்கோட்டைச் சுற்றுவட்டாரத்து முந்திரிக் கொட்டையை ஏற்றி வாடகைக்கு ஓட்டுவேன் என்கிறாய். தோப்பு உன் ஆத்தாவுக்கு அவள் அப்பா கொடுத்தது, அவள் பெயரில் இருப்பது. அவள் நீ கேட்ட அன்றே சரி என்றுவிட்டாள். வாங்குகிறவர்தான், அவள் வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம் முடிப்பேன் என்று நிற்கிறார். ஆக மொத்தம், உன் வண்டி இப்போது என் பேனா முனையில் தொங்குகிறது. அந்தப் பேனாவோ இங்கே சும்மா மை கக்கிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. "வாழ்க்கை பூரா பொம்மை வண்டியத் தொடச்சுத் தொடச்சு வச்சீங்க. நெச வண்டின்னதும் பயமா இருக்கா ஒங்களுக்கு?" என்றாய். நீ பெரியவனாகிவிட்டாய், கேட்கலாம். ஆனால் அந்த வண்டிகள் எப்படி வந்தன என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன், கேள்.

சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நீ அப்போது கைக்குழந்தை. நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து நம் ஊர் வழியாகப் போகிற மலேயாக் குடும்பங்கள் அந்தக் காலத்தில் நிறைய. ஒரு நாள் ஒரு அம்மாள் டிரங்குப் பெட்டிகளோடும் அழுகிற பிள்ளைகளோடும் வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு அவசரமாகப் பஸ் ஏறினார். போன பிறகு பார்த்தால் என் ஜன்னல் கட்டையில் ஒரு பச்சை வண்டி நிற்கிறது. உள்ளங்கை அளவுதான். ஆனால் தகரத்தை மடக்கிச் செய்தது இல்லை, கெட்டியாக வார்த்தது. கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. உருண்டையான முகம், முன்னால் இரண்டு பேர் உட்காரும் கூடு, பின்னால் திறந்த பெட்டி. ரப்பர் சக்கரம் விரலால் தட்டினால் சுற்றியது. கேட்டு வருவார்கள் என்று ஜன்னலிலேயே வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஏன் பிக்கப் மட்டும் சேர்க்கிறீர்கள், கார் சேர்க்கக் கூடாதா, பஸ் சேர்க்கக் கூடாதா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போனவன் நான். கார் என்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போகிறது. பிக்கப் அப்படியில்லை. ஓட்டுகிற ஆள் முன்னால், அவன் கொண்டுபோகிற சுமை பின்னால், இரண்டும் ஊருக்கே தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜன்னலில் பச்சை நின்றதைப் பார்த்தவர்கள், புக்கிங்காரருக்குப் பொம்மை வண்டி என்றால் உயிர் என்று பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். மலேயாவுக்கும் கொழும்புக்கும் போகிறவர்கள், "வரும்போது ஒங்களுக்கு ஒண்ணு கொண்டாரேனுங்க, முன் சீட்டு மட்டும் பாத்துக் குடுங்க" என்பார்கள். டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டு யாருக்கு என்று தீர்மானிக்கிற அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. அந்த அதிகாரத்தை நான் கூச்சமில்லாமல் பயன்படுத்தினேன். மூக்கு நீண்ட சிவப்பு வண்டி அப்படி வந்தது. பின்பெட்டிக்குக் கதவு திறந்து மூடுகிற மஞ்சள் வண்டி வந்தது. நாம் தவளைக்கண்ணன் என்று பெயர் வைத்த வண்டி, விளக்கு இரண்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதுவும் அப்படித்தான். ஒருவர் பிக்கப் என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸ் வண்டியைக் கொண்டுவந்தார். அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். உன் ஆத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்: "ஊரு ஒலகத்துல லஞ்சம் வாங்குறவுக ரூவா வாங்குவாக, நெலம் வாங்குவாக. எனக்கு வாச்சது பொம்மை வாங்குச்சு."

நீ சின்னப் பிள்ளையில் அவற்றைத் தொட விடமாட்டேன். அது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அன்னவாசலில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனவர்கள், அப்படியே சித்தன்னவாசல் மலைக்குப் போனோம். எல்லாரும் குகைக்குள் ஓவியம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன்னைக் காணோம். வெளியே வந்து பார்த்தால், வழவழவென்று சரிந்து கிடக்கிற பாறையின் உச்சியில் நீ. என் சிவப்பு வண்டி உன் கையில். அதை எப்படி டவுசர் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாயோ. நான் கத்துவதற்குள் விட்டுவிட்டாய். சறுக்கிக்கொண்டு ஓடிற்று, ஒரு வெடிப்பில் தட்டிக் குட்டிக்கரணம் போட்டது, கீழே முள்ளுக்குள் போய் விழுந்தது. ஒரு பக்கக் கதவு நசுங்கி, பெயின்ட் பெயர்ந்துவிட்டது. உன் காதைப் பிடித்துத் திருகினேன். நீ அழவில்லை. "பாதி தூரம் நேரா ஓடுச்சுப்பா. நீங்க பாக்கலயா?" என்று கேட்டாய். நான் கதவை மட்டும்தான் பார்த்தேன். அது ஓடியதை உண்மையிலேயே பார்க்கவில்லை.

இப்போது எலுமிச்சம்பழக் கதைக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு எங்கள் டெப்போவில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். டிரைவர் ஏறி வண்டியை ஒரு முழம் நகர்த்தினால் பழம் நசுங்கும், திருஷ்டி கழியும். ஒரு வருஷம் உன் ஆத்தாவுக்கு என்ன தோன்றியதோ, நான் டெப்போவுக்குப் போயிருந்தபோது அலமாரி வண்டிகளுக்கும் பூஜை போட்டுவிட்டாள். எல்லா வண்டிக்கும் பொட்டு. எலுமிச்சம்பழத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் குங்குமம் தடவி, சக்கரத்துக்கு ஒரு துண்டு. பூஜை சாமான்களை அன்றே எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் நான் பார்க்கும்போது சாறு இறங்கிச் சக்கரத்துக் கம்பியெல்லாம் செம்பட்டையாகியிருந்தது. பெயின்ட் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. பச்சை வண்டியின் சக்கரம் அன்று இறுகியதுதான், இன்றுவரை சுற்றவில்லை.

நான் கொதித்துப்போய்க் கத்தினேன். வீட்டு வாசலில் ஆள் கூடுகிற அளவுக்குக் கத்தினேன். அவள் நிதானமாக ஒரு துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "டெப்போவுல இம்புட்டு வண்டிக்கு வக்கிறீகளே, அதுல ஒண்ணாச்சும் துருப்புடிச்சுச்சா? ஓடுற வண்டி பழத்த நசுக்கிட்டுப் போயிரும். இது நிக்கிற வண்டி. சாத்துலயே நின்னுச்சு, துருப்புடிச்சுப்போச்சு. அதுக்கு என்னைய ஏன் வையிறீக?" நானும் ஒரு துணியை எடுத்து நனைத்தேன். அப்புறம் நெடுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு விஷயம். அவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

மறுபடி எழுந்து வெளியே போய் வந்தேன். தஞ்சாவூரிலிருந்து வருகிற பஸ் ஹாரன் கேட்டது. அதுதான் திரும்பி நாலு மணிக்குப் போகும். இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது.

பயமா என்று கேட்டாய் அல்லவா? ஆமாம், பயம்தான். ஆனால் நீ நினைக்கிற பயம் இல்லை. தோப்பு போய்விடுமே என்பதோ, கடைசியில் நஷ்டம் வந்துவிடுமே என்பதோ இல்லை. இந்த வட்டாரத்தில் எந்த ரோட்டில் எந்த வண்டி கவிழ்ந்தாலும் செய்தி முதலில் எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். அந்த வழியாக வருகிற கண்டக்டர் இறங்கி ஓடிவந்து சொல்வான். எந்த ஊர் வண்டி, யார் வீட்டுப் பையன் என்று விசாரித்து, ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிற வேலை என்னுடையது. சில வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், புக்கிங்காரர் எதற்கு வந்திருக்கிறார் என்று. இனிமேல் எந்தக் கண்டக்டர் வேகமாக நடந்து வந்தாலும் நான் உன் வண்டியைத்தான் நினைப்பேன். அந்த ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. அலமாரியில் நிற்கிற வண்டிகள் கவிழ்வதில்லை.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் நீ வேலையாக வெளியூர் போயிருக்கும் நேரம் பார்த்துத் தஞ்சாவூர் வந்தேன். உன் ஆத்தாவிடம் ஆபீஸ் விஷயமாகப் புதுக்கோட்டை போவதாகச் சொன்னேன். மஞ்சள் பையில் தவளைக்கண்ணனை வைத்துக்கொண்டு போனேன். நீ சொன்ன அடையாளத்தை வைத்து மேஸ்திரி வண்டியும் தவளைக்கண்ணன் ஜாதிதான் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒர்க்ஷாப்பில் மேஸ்திரி இருந்தார். நான் யார் என்று சொல்லவில்லை.

"இந்த நீல வண்டியப் பாக்கலாமுங்களா?"

"இங்க வேலை பாக்குற தம்பி ஒருத்தன் பேசி வச்சிருக்கானுங்களே."

"பேசி வச்சா வச்சிருக்கட்டும். நான் பாத்துட்டுப் போறேன்."

பொம்மையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்துக் கம்பி ஒரு மாடல், கதவு வேறு மாடல். மட்கார்டு இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. பின்பெட்டி அமெரிக்காவே இல்லை, நம் ஊர் ஆசாரி வேலை, வேப்பம் பலகை. "இது ஒரு வண்டியே இல்லீங்க. நாலு வண்டிய வெட்டி ஒட்டியிருக்கீங்க" என்றேன். மேஸ்திரி என் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "முகத்த வச்சு இம்புட்டுச் சொல்றீங்களே. இன்னும் பானெட்டத் தெறக்கச் சொல்லலயேங்க?" என்றார். தெரியாத இடத்தைத் திறந்து என்ன செய்வது? அதையும் அவரிடம் சொன்னேன். "பேசி வச்ச தம்பி வந்தான்னா முகத்தப் பாக்கவே மாட்டானுங்க. வந்ததும் அடியில படுத்துருவான். பிரேக்குதான் மொதல்ல. நான் நல்லாருக்குடான்னு சொன்னாலும் கேக்காம தானா கழட்டி மாட்டுவான். எங்கப்பா புக்கிங் ஆபீசுல இருக்காக, அவுககிட்ட என் வண்டி கவுந்த சேதி போயிரக் கூடாதும்பான்" என்றார்.

தம்பி, நான் அந்த இடத்தில் உட்கார ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். மேஸ்திரி என்ன நினைத்தாரோ, வண்டிக் கதவைத் திறந்து, "ஏறுங்க, ஒரு சுத்துப் போயிட்டு வருவம்" என்றார். வல்லம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். ஊரில் பாதிப் பேருக்கு முன் சீட்டு ஒதுக்கிக் கொடுத்தவன் நான். கம்பெனி ஆள் என்பதால் எனக்குக் கடைசி சீட்டுதான், கூட்டம் இருந்தால் படிக்கட்டு. முன் சீட்டில் அன்றுதான் உட்கார்ந்தேன். ரோடு முழுவதும் கண்ணாடி வழியாக என்னை நோக்கி வந்தது. எதிரே மாட்டு வண்டி வந்தபோது மேஸ்திரி பிரேக்கை மிதித்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. என் மடியில் தவளைக்கண்ணன் குலுங்கிக்கொண்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று மேஸ்திரி பிறகு சொன்னார்.

அதைப் பார்த்துவிட்டு வந்தும் ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். வீட்டுக்கு வந்ததும் பயம் மறுபடி வந்துவிட்டது. பிரேக் நன்றாக இருக்கிறது, சரி. எதிரே வருகிறவனின் பிரேக்? இப்படியே யோசித்துக்கொண்டு நாட்களைக் கடத்திவிட்டேன்.

சற்று முன் உன் ஆத்தா மோர் கொண்டுவந்து வைத்தாள். எழுதியதை அவள் படிக்க மாட்டாள், ஆனால் என் முகத்தைப் படிப்பாள். "தோப்பு ஒன்னோடதுதானே. ஒனக்கு வருத்தமா இல்லியா?" என்று கேட்டேன். "எனக்கென்ன வருத்தம்? கொட்டைய மூட்டை கட்டி வச்சுக்கிட்டு வியாபாரி வண்டி எப்ப வரும், எப்ப வரும்னு ரோட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தது நானுங்க. மழை வந்தா நனையுமேன்னு மூட்டை மேல சீலைய விரிச்சதும் நாந்தான். அவன் சொன்ன வெலைக்குத்தான் போட்டேன், ஏன்னா வண்டி அவன்கிட்ட இருந்துச்சு. நீங்க எத்தனை பேருக்கு சீட்டு போட்டுக் குடுத்தீங்க. எம் மூட்டைக்கு ஒரு வண்டி போட்டுக் குடுத்தீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி. நேரமாகிவிட்டது. காலையில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம். கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் எனக்குச் சோறு இறங்காது, பொறுத்துக்கொள். மாட்டு வண்டிக்காரனைப் பார்த்து ஹாரன் அடித்து விரட்டாதே. ரோடு முதலில் அவனுடையது. மூட்டையோடு ரோட்டோரம் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால், வண்டியில் இடம் இல்லாவிட்டாலும் நின்று, எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போ. சொன்ன நேரத்துக்குப் போ. நம் ஊரைத் தாண்டும்போதெல்லாம் புக்கிங் ஆபீஸ் எதிரே ஒரு ஹாரன் அடி. நீ நிற்க வேண்டாம், டீ குடிக்க வேண்டாம். ஹாரன் மட்டும் அடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வண்டியின் முகத்துக் கம்பியும் கதவும் ஒரே மாடல் இல்லை என்பதை யாரிடமும் சொல்லாதே. எனக்கு ஒருவனுக்குத்தான் அது தெரியும், நான் சொல்ல மாட்டேன். அப்புறம், அலமாரி வண்டிகளில் ஒன்றை டேஷ்போர்டில் வைக்கிறேன் என்று கேட்டு வராதே. தர மாட்டேன்.

பத்திரம் முடிந்ததும் நேரே தஞ்சாவூர் வந்து வண்டியை எடுத்துவிடுவோம். பூஜை சாமான் நான் வாங்கி வருகிறேன். சக்கரத்துக்கு ஒரு பழம், முழுப் பழம். நசுக்கிவிட்டு இறங்கி வந்து அழகு பார்க்காதே. அப்படியே ஊர் பார்த்து விடு. நான் பின்னால், அந்த வேப்பம் பலகைப் பெட்டியில் ஏறிக்கொள்கிறேன். முன் சீட்டு உன் ஆத்தாவுக்கு. இது புக்கிங் ஆபீஸ் உத்தரவு. யார் எந்தப் பொம்மையைக் கொண்டுவந்து நீட்டினாலும் மாற்றாதே.

இப்படிக்கு,
உன் அப்பா